முருகன் படத்துக்குப் பின்னால் மீட்டர்

ஐப்பசி 5, புதன்

விடிந்ததிலிருந்து மழை. எதிர்ச் சரிவில் சில்வர் ஓக் மரங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை, அத்தனை பனி. மூன்று நாள் துணி கொடியில் அப்படியே ஈரம்.

கந்த சஷ்டி விரதம் இன்று தொடக்கம். காப்புக் கட்டிக்கொண்டேன். பகலில் துளசித் தண்ணீர். பொழுது சாய்ந்து ஒரு டம்ளர் பால், ஒரு பழம். பூங்கொடி பிறக்க வேண்டும் என்று ஆரம்பித்த விரதம். அவள் பிறந்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் அவளுக்காகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காலைக் கணக்கு:
மீட்டர் 6214
அரிசி டப்பாவில் நாலரைப் படி
நல்லெண்ணெய் அரை பாட்டில் (ஆறு நாள் விளக்குக்குப் போதாது)
காஸ் மாற்றி 19 நாள்

தீபாவளிக்கு வந்த பூங்கொடி (பூ.) இன்று பெங்களூர் திரும்பியிருக்க வேண்டும். குப்பனூர் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது. சேலம் ரோட்டிலும் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடுகிறார்களாம். மழை விடட்டும், இரு என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், அவளுக்கு இல்லை. திங்கட்கிழமை அவள் ஆபீசில் பெரிய மீட்டிங். அதோடு அவள் வரைகிற படம் பூட்டப்படும், பிறகு ஒரு கோடுகூட மாற்ற முடியாதாம். இங்கிருந்தே லேப்டாப்பில் பேச வேண்டும். நம் வீட்டில் சிக்னல் ஜன்னல் கம்பியோடு சரி.

யாராவது கேட்டால் "மக கரண்ட் எடுக்கற அணு உலைக்குப் படம் போடறா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. இன்று கேட்டேன். மூன்று தடவை சொன்னாள். மறக்காமலிருக்க:

1. வெளிநாட்டில் கட்டப்போகிற புது மாதிரி உலை. படம் மட்டும் இவர்கள் ஆபீசில்.

2. பழைய உலைகளில் எரிபொருள் கம்பிக் கட்டாக இருக்கும். கட்டுக்கு ஒரு நம்பர். எண்ணிவிடலாம். இதில் உருண்டைகள். சின்ன ஆரஞ்சு அளவு, லட்சக்கணக்கில். மேலே போட்டால் மெதுவாக இறங்கிக் கீழே வரும். இன்னும் சத்து இருந்தால் திரும்ப மேலே. தீர்ந்திருந்தால் ட்ரம்முக்குள்.

3. எல்லா நாட்டுக்கும் பொதுவாகச் சோதனைக்காரர்கள் இருக்கிறார்கள். யாரும் உருண்டையை ஒதுக்கி எடுத்துக் குண்டு செய்துவிடக் கூடாதென்று வந்து பார்ப்பார்கள். நாடுகளே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டது.

4. அவர்கள் பார்ப்பதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைப் படத்திலேயே விட்டுவிட வேண்டும். அதுதான் பூ. வேலை.

"முட்டைன்னா தட்டத்துல அடுக்கி எண்ணிரலாம்மா. மொளகு கொட்டிக் கெடந்தா எப்படி எண்ணுவ?"

"எடை போடுவேன்."

"உருண்டுக்கிட்டே இருக்கற மொளகும்மா."

மிளகு டப்பாவை எடுத்து ஒரு தடவை உருட்டிப் பார்த்தேன்.

"வாசல்ல நின்னு போறதையும் வர்றதையும் எண்ணோணும். நிக்கறதுக்கு எடம் வேணும். அந்த எடத்தத்தான் தரமாட்டேங்கறாங்க" என்றாள்.

கால் வலி. படிக்கட்டில் பாசி, தேய்க்க வேண்டும்.


ஐப்பசி 6, வியாழன்

மழை குறைந்தது, பனி குறையவில்லை. மீட்டர் 6217.

பாசி தேய்த்தேன். காலில் அட்டை. உப்பு வைத்து எடுத்தேன்.

இவர் காபி குடித்துக்கொண்டே: "இந்த வாரம் மீட்டர் பாக்க வருவாப்லயாட்ட இருக்குது. இந்தத் தடவையும் அவர வெளிய நிறுத்திராத புள்ள."

காபி எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுவார்.

பழைய வினை. வீடு கட்டும்போது வயரிங்காரர் மீட்டரை வெளிச்சுவரில் வைக்கலாம் என்றார். இந்த ஊர் மழைக்குப் பெட்டி துருவேறும், உள்ளே வையுங்கள் என்றது நான். அவர் வைத்த மூலை ஈசானி. பிறகு பூஜையறை தடுத்தபோது சாமி ஈசானியில்தான் இருக்க வேண்டும் என்றதும் நானே. ஆக, முருகன் படத்துக்குப் பின்னால் மீட்டர். பார்க்க வருகிறவர் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, கூடத்தைத் தாண்டி, படத்துக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். படத்தைத் தொட விடமாட்டேன்.

ஆவணியில் மீட்டர்க்காரர் வந்தபோது சங்கடஹர சதுர்த்தி, பூஜை நடுவில் இருந்தேன். அப்புறம் வாங்க என்றேன். அவருக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி. கதவு திறக்காத வீடு என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. முந்திய தடவைக் கணக்கையே திரும்பப் போட்டார்கள். என் நோட்டை எடுத்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போனேன். டிஜிட்டல் மீட்டர் மாட்டிய நாளிலிருந்து நாலு வருஷம், ஒரு நாள் விடாமல் எழுதியது. அங்கிருந்த அம்மா பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"நொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது நீங்களே எழுதுனதுங்களே."

வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. வீடு வந்து சேரும்வரை கண்ணில் தண்ணீர். அஞ்சாவதோடு நின்றவள் நான். மிச்ச எழுத்து இவருடைய ரெஜிஸ்டர்களைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றது. அந்தக் கையால் பொய் எழுதுவேனா?

இதை இன்று பூ.விடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்றுதான்.

"அவங்க சொன்னது சரிதாம்மா."

"என்னது?"

"உன்னைய நம்பலன்னு அர்த்தம் இல்ல. உன் நோட்ட வெச்சே உன் நோட்டச் சரிபாக்க முடியாதுல்ல? இன்னொருத்தர் கண்ணு வேணும். எங்க உலைக்கும் அதேதான்."

உன் உலையும் நானும் ஒன்றா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மத்தியானம்வரை அங்கேயே இருந்தேன். அப்புறம் அவளே வந்தாள். "சரி, நீ எப்படித்தாம்மா அங்க பாக்கற?" மணைப்பலகை போட்டு ஏறிக் காட்டினேன். படத்தின் சட்டத்துக்கு மேலே பாதி மீட்டர் தெரியும். எண் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். தேதி வரும்வரை காத்திருந்து, அதற்கடுத்து வருவதை எழுதுவேன். நாலு வருஷப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

போட்டோ எடுத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்கவில்லை.


ஐப்பசி 7, வெள்ளி

தூறல். மீட்டர் 6221. ஒன்று கூடுதல்: பூ.வின் லேப்டாப், வெந்நீர்.

விரதம் மூன்றாம் நாள். பசி போய்விட்டது. தலை மட்டும் லேசாகச் சுற்றல்.

எண்ணெய் வாங்க ஒண்டிக்கடை கடைவீதிக்குப் போனேன். பூ.வும் கூட வந்தாள், மேனேஜரோடு பேச வேண்டும் என்று. யூசுப் பாய் ஜெராக்ஸ் கடை மாடியில் சிக்னல் நன்றாக இருக்கும்.

"மேல போங்கம்மா. பேப்பர் மூட்டை கெடக்கும், தள்ளிவெச்சுக்குங்க" என்றார் பாய். என் கைக் காப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா விரதமா? அப்ப டீ சொல்லமாட்டேன். டீ சொல்லாம உட்டுட்டாருன்னு ஊருக்குள்ள சொல்லிராதீங்க" என்றார்.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். பூ. ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். நாலு கேட்கிறாள்:

– ட்ரம் அறைச் சுவரில் கேமரா வயர் போக இரண்டு ஓட்டை.
– நடுத்தூணைக் கொஞ்சம் தள்ளி வைக்க. இப்போது ட்ரம் மூடியைத் தூண் மறைக்கிறது.
– மூடிக்கு சீல் வைக்கவும் சீலைப் பார்க்கவும் ஓர் ஆள் நிற்க மூன்றடி.
– உருண்டை வெளியே வரும் குழாயில் எண்ணுகிற கருவி ஒன்று, சோதனைக்காரர்களுக்கென்று தனியாக.

எனக்கு இது பெரிய கேள்வியாகவே தெரியவில்லை. அடுப்படியில் மேடை கேட்கிற மாதிரி இருந்தது.

மேனேஜர் குரல் போனில் நன்றாகக் கேட்டது. "பூங்கொடி, கேமராதானே? அவங்க வந்ததும் எங்கயாவது மாட்டிக்கலாம். அத இப்பவே எதுக்கு?"

"சார், சுவர் அத்தனையும் கான்கிரீட். கட்டுனதுக்கப்புறம் ஓட்டை போட முடியாது. போட்டா பாதுகாப்புப் பேப்பர் எல்லாம் முதல்ல இருந்து வரும்."

"அதையேதான் நானும் சொல்றேன். இப்ப தூணை நகத்துனா பாதுகாப்புப் பேப்பர் எல்லாம் முதல்ல இருந்து வரும்."

யாரோ சிரித்தார்கள்.

"நம்ம மெஷினே எண்ணுதுல்ல? அந்த நம்பரக் குடுத்துடலாம்."

"அது நாம எண்ணுனது சார்."

"அப்ப நம்மளத் திருடன்னு சொல்றீங்களா?"

எனக்குக் கரண்ட் ஆபீஸ் வரிசை ஞாபகம் வந்தது. அந்த மனுஷன் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் பக்கம்தான் மனது போனது.

பூ. கையிலிருந்த தாளை மடித்தாள். பிறகு மெதுவாக, "சார், எங்க வீட்ல மீட்டர் சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. படிக்க வர்றவருக்கு நிக்க எடமில்ல, அதனால அவர் படிக்காமயே போறாரு. வீடு கட்டறப்பவே யோசிச்சிருந்தா ஒரு ஜாண் தள்ளி வெச்சிருக்கலாம். இப்ப சாமிய நகத்தணும், இல்ல சுவர இடிக்கணும். ரெண்டும் நடக்காது."

இந்தத் தடவை நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். "சூப்பர் எக்ஸாம்பிள்" என்றது ஒரு குரல். "அம்மாகிட்ட சொல்லி முருகன்கிட்டயே அப்ரூவல் வாங்கிடுங்க" என்றது இன்னொன்று.

அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் பூஜையறை பெங்களூர்வரை போய்விட்டது.

திரும்பி வரும்போது, "சிரிச்சாங்களே, இறங்கி வருவாங்களா?" என்றேன்.

"சிரிக்கறதோட முடிஞ்சிரும்மா."


ஐப்பசி 8, சனி

மீட்டர் 6224. வெயில் பத்து நிமிஷம் வந்தது. துணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நனைந்துதான் திரும்பியது.

பூ. விடிந்ததிலிருந்து அந்த ட்ரம் அறையைத் திருப்பித் திருப்பி வரைகிறாள். தூணை நகர்த்தாமலே கேமராவுக்கு வழி இருக்கிறதா என்று. பென்சிலால் கோடு போடுவாள், அழிப்பாள். ஒரு மூலையில் வைத்தால் ட்ரம் தெரிகிறதாம், மூடி தெரியவில்லையாம். இன்னொரு மூலையில் மூடி தெரியும், கிரேன் வந்து நின்றால் மறையுமாம். மூன்றாவது மூலையில் எல்லாம் தெரியும், ஆனால் கேமரா கதிர்வீச்சில் கெட்டுப்போகுமாம்.

மத்தியானம் இவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ.

"நான் ரைட்டரா சேந்தப்ப எடைத் தராசு சொவரப் பாத்து மாட்டியிருந்துச்சு கண்ணு. முள்ளு எனக்கு மட்டுந்தான் தெரியும். பழம் பறிச்சுட்டு வர்ற பொம்பளைங்க நான் சொல்றத நம்பிட்டுப் போவோணும். ஒருநாள் திருப்பி மாட்டிப்புட்டேன்."

"எதுக்குப்பா? யாராச்சும் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. நான் ஒரு நாளும் ஏமாத்துனதுமில்ல. ஆனா முள்ளு தெரிஞ்சதுக்கப்புறந்தான் அவுங்க என்ர மூஞ்சியப் பாத்துப் பேசுனாங்க."

அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி. "தராச ஆணியில இருந்து கழட்டிரலாம்பா. இது கான்கிரீட்."

சாயங்காலம் சேலத்திலிருந்து தங்கச்சி போன். விரதம் எப்படி என்று ஆரம்பித்து எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். "ஏனக்கா, புள்ள இன்னும் ஊட்டுலயே இருக்கறா? இந்தக் கம்பெனியும் வேண்டாம்னுட்டாங்களா?"

இது மூன்றாவது கம்பெனி. முதல் இரண்டும் இப்படித்தான். ஒன்றில் ஏதோ வால்வு, இன்னொன்றில் ஏதோ அறிக்கை. சரியில்லாததைச் சரி என்று எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த மலையேறி வந்து, பின்னறையில் ஆறு மாசம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்த ஆறு மாசங்களை இந்த நோட்டில் அரிசிக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு ஆள் கூடியும் அரிசி கூடவில்லை.

முருகா, இன்னொரு தடவை வேண்டாம்.


ஐப்பசி 9, ஞாயிறு

மீட்டர் 6228. பெருமழை. வாசல் செம்பருத்தி சாய்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள். பால்கூட இறங்கவில்லை.

காலையிலேயே மேனேஜரிடமிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. லேப்டாப்பில் காட்டினாள். பெரிய பட்டியல். அதில் ஒரு வரி மட்டும் மஞ்சள். அர்த்தம் இதுதானாம்: சோதனைக்காரர்கள் வந்து பார்க்கத் தேவையானது படத்தில் யோசிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அவள் பெயர், அதற்குப் பக்கத்தில் கையெழுத்துக்குக் காலிக் கட்டம்.

"யோசிக்கலன்னு சொல்ல முடியாது பாரு. யோசிச்சாங்க. யோசிச்சுட்டு வேண்டாம்னாங்க" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"போடலைன்னா?"

"மீட்டிங் நிக்காதும்மா. ரெண்டு நாள் தள்ளிப்போகும். அப்புறம் வேற யாராச்சும் போடுவாங்க. எனக்கு மட்டும் வேல போகும்."

"போட்டா?"

"கட்டுவாங்க. அஞ்சாறு வருஷம் கழிச்சு சோதனைக்காரங்க வந்து நிப்பாங்க. ட்ரம் மூடி தெரியாது. சந்தேகம் வரும். ஒருத்தரும் திருடியிருக்க மாட்டாங்க, ஆனா திருடலன்னு காட்டவும் முடியாது. ஒரு நாட்ட இன்னொரு நாடு நம்பாமப் போறதுக்கு அது போதும்மா."

பிறகு மடியில் கை வைத்துக்கொண்டு, சாமி விளக்கைப் பார்த்தபடியே கேட்டாள். "நீ சொல்லும்மா. போடட்டுமா வேண்டாமா?"

முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. படிப்பு, வேலை, நாங்கள் பார்த்துவைத்த பையனை வேண்டாமென்றது, எதையும் கேட்டுச் செய்யவில்லை.

நான் சொன்னது, சொன்னபடியே:

"போடு கண்ணு. அங்க இருக்கறவங்க எல்லாம் உன்னாட்டப் படிச்சவங்கதான? எண்ணி எழுதறவன் யோக்கியனா இருந்தாப் போதும். நான் நாலு வருஷமா எழுதறேன், எவன் வந்து நின்னு பாத்தான்? ஒரு எண்ணு தப்பியிருக்குமா? மனசு சுத்தமா இருந்தா கணக்கும் சுத்தமா இருக்கும்."

அவள் லேப்டாப்பை மூடினாள். "உன் நோட்டு மாதிரி எல்லா நோட்டும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்றாள்.

இங்கே ஒளிக்க ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன். அந்த உலையைப் பற்றி நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. பின்னறைக் கட்டிலை நினைத்துச் சொன்னேன்.


ஐப்பசி 10, திங்கள்

சூரசம்ஹாரம். மழை விட்டிருந்தது. மீட்டர் 6231.

பூ. பத்து மணிக்கே யூசுப் பாய் மாடிக்குப் போய்விட்டாள். நான் எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்து முருகன் கோயிலுக்கு. சூரனுக்கு இந்த வருஷம் புதுத் தலை, வைக்கோலும் அட்டையும். மழையில் நனைந்து கழுத்து தொங்கிப்போயிருந்தது. வேல் படுவதற்கு முன்பே ஒரு தலை விழுந்துவிட்டது. பிள்ளைகள் கத்திச் சிரித்தன. பூசாரி எடுத்து ஒட்டவைத்துத் திரும்ப வெட்டினார்.

பொழுதோடு அவள் வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டாள். மீட்டிங்கில் அந்த வரி வந்ததும் மேனேஜர், "இது பூங்கொடியே பாத்துட்டாங்க, அடுத்தது" என்றாராம். அரை நிமிஷம்கூட ஆகவில்லையாம். நாலு கேட்டதில் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்: ட்ரம் அறையில் கேமராவுக்கென்று ஒரு கரண்ட் பிளக். வயர் வெளியே போக ஓட்டை இல்லை. மூடியும் கண்ணுக்குத் தெரியாது. பிளக் மட்டும்.

"பாராட்டுனாங்கம்மா. நான் ஒத்துழைச்சேனாம்."

இவர் அவளைக் கேட்டார். "இனி ஒண்ணும் பண்ண முடியாதா சாமி?"

"நாளைக்கு சாயந்தரம் படத்த அந்த நாட்டுக்கு அனுப்பறாங்கப்பா. அதுக்குள்ள கையெழுத்தத் திருப்பி வாங்கிக்கறேன்னு ஒரு மெயில் போட்டா நிக்கும், ரெண்டு நாளைக்கு. போடணுமான்னு பஸ்ல யோசிக்கறேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பால் டம்ளரைப் பார்த்தேன்.

குளித்து விரதம் முடித்தேன். சாதம் மணலாட்டம் இருந்தது.


ஐப்பசி 11, செவ்வாய்

மீட்டர் 6235.

திருக்கல்யாணம். பனி, மழை இல்லை. முதல் பஸ்ஸுக்கு பூ. கிளம்பினாள். கொடுத்துவிட்டது: மிளகுப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், திருநீறு. பஸ் ஏறும்போது திரும்பி, "மீட்டர்க்காரர் வந்தா என்ன எண்ணுன்னு சொல்லும்மா. உன் நோட்டு சரியா இருந்தா நானும் நிம்மதியா இருந்துருவேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பாதி.

பத்தரைக்கு அவர் வந்தார். கிளியூர்க்காரர், முழங்காலில் பட்டை போட்டிருப்பார். வாசலிலேயே தயங்கினார். "ஏனுங்க, பூஜை முடிஞ்சுதுங்களா? இல்லைன்னா நான் பக்கத்து ஊட்டப் பாத்துட்டு வாரேன்."

இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். முருகனை வள்ளி தெய்வானையோடு இறக்கி, கூடத்தில் மணை போட்டுப் பட்டுத்துணி விரித்து வைத்திருந்தேன். அவரும் உள்ளே வந்து மீட்டருக்கு நேராக நின்றார்.

"அட! இத்தன வருசத்துல இன்னிக்குத்தானுங்க இதோட மூஞ்சியவே பாக்கறேன்."

அவர் மிஷினில் போட்டது 5791.

"இல்லீங்களே, 6235" என்றேன்.

"இல்லீங்கம்மா. பாருங்க."

நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். நேற்று 6231, அதற்கு முந்தின நாள் 6228. அவர் நோட்டைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். "இருங்க, மாறட்டும்." இரண்டு பேரும் நின்றுகொண்டு எண்கள் மாறுவதைப் பார்த்தோம். தேதி வந்தது. அடுத்து 6235 வந்தது.

"இதத்தான எழுதறீங்க? ஓரத்துல சின்னதா இங்கிலீசு எழுத்து இருக்குது பாருங்க. இது யூனிட் இல்லீங்க, மீட்டர் தனக்குன்னு வெச்சிருக்கற வேற கணக்கு. நாங்க அத எடுக்கறதே இல்ல. மொதல்ல வந்துச்சே, அதுதான் யூனிட். இதும் தெனம் ஏறும், அதும் தெனம் ஏறும். அதான் உங்களுக்குத் தோணல."

ஓரத்து எழுத்து. நாலு வருஷமும் அது முருகன் படச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

அவருக்குச் சிரிப்பு. "தப்புக் கணக்கு எழுதறவன் கொறச்சு எழுதுவான். நீங்க கூட்டி எழுதியிருக்கீங்களே! உங்களாட்ட நல்லவங்கள நான் பாத்ததே இல்லீங்க." தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நாலு வருஷம். ஒரு நாள் விடவில்லை. ஒரு பொய் இல்லை. ஓர் எண்கூடச் சரியில்லை.

மத்தியானம் பூ. போன் செய்தாள். கிருஷ்ணகிரி தாண்டி பஸ் நின்றிருக்கிறதாம். பின்னால் கொய்யா விற்கிற சத்தம்.

"மீட்டர் பாத்தாராம்மா?"

"பாத்தாரு கண்ணு. சாமிய இறக்கி வெச்சுக் காட்டுனேன்."

"உன் நோட்டும் அதும் ஒண்ணா இருந்துச்சா?"

இவர் பேப்பரை மடக்கிவிட்டு என்னையே பார்த்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவள் மடித்து வைத்துப்போன போர்வை.

"இருந்துச்சு" என்றேன்.

கொய்யாக்காரர் விலை சொன்னார். பிறகு பெருமூச்சு மாதிரி ஒன்று. "அப்ப சரிம்மா. நீ சொன்னதுதான் சரி. மெயில் போடல." ஆறு நாளில் இப்போதுதான் அவள் குரல் தெளிந்து கேட்டது.

போனை வைத்த பிறகு இவர் பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "சாமிய மேல வெச்சரலாமா?" என்று மட்டும் கேட்டார். வேறு இடம் இல்லை. இரண்டு பேரும் சேர்த்துத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தோம். மீட்டர் மறைந்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணி. படம் போயிருக்கும்.

மேலே 6235 என்று எழுதியிருப்பதை அடிக்கவில்லை. அவளிடம் சொன்னதையும் எழுதி வைத்துவிட்டேன். இந்த நோட்டைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.